தரங்கம்பாடி

மயிலாடுதுறை மாவட்டத்தில், பூம்புகாருக்கும் காரைக்காலுக்கும் இடையே அமைந்த கடற்கரை ஊர். கடலோரக் கோட்டை, பழைய தேவாலயங்கள், தூண் வைத்த தாழ்வாரங்கள் கொண்ட வீடுகள் ஆகியவற்றால் பயணிகளை ஈர்ப்பது.

தொடக்க கால வரலாற்றுக்குச் சான்றுகள் குறைவு. மாசிலாமணிநாதர் கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. அங்குள்ள கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கிறது. கோயிலின் கடலோரப் பகுதியை அலைகள் அரித்துவிட்டன. அழிந்தது மண்டபம் மட்டுமா, கோபுரமும் சேர்ந்தா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

1620இல் தஞ்சை நாயக்கர் இரகுநாதர் டேனியருக்கு இங்கே வணிகம் செய்யவும் கோட்டை கட்டவும் இடமளித்தார். நாகப்பட்டினத்துப் போர்ச்சுகீசியரின் செல்வாக்கை மட்டுப்படுத்தவே அவர் இதற்கு இசைந்தார் என்பர் சிலர். மிளகு வணிகமே முதன்மையான காரணம் என்பது வேறு சிலர் கருத்து. ஆண்டுக் குத்தகை 3,111 ரூபாய் எனப் பல நூல்கள் கூறுகின்றன. டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்கு இரகுநாதர் தங்கத் தகட்டில் தமிழில் பொறித்து அனுப்பிய கடிதம் கோபன்ஹேகனில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. டேனியத் தளபதி ஓவே யெட்டே தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை இதன் பின் எழுந்தது. அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் டென்மார்க்கிலிருந்து பல்லாண்டுகள் கப்பலே வரவில்லை. இருந்தும் கோட்டை கைவிடப்படவில்லை.

ஊரின் வரலாற்றில் மிக விரிவாகப் பதிவாகியிருப்பது 1706 முதல் 1719 வரையிலான காலம். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய கிறித்தவ மறைப்பணியாளர்கள் சீகன்பால்கும் புளுச்சாவும் 1706 ஜூலையில் கரையிறங்கினர். சீகன்பால்கு திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு விளக்கப் பட்டியல் தொகுத்தார். வெளிநாட்டவர் ஒருவர் தமிழ் ஏடுகளை இத்தனை பரிவோடு தேடிப் படித்த செய்தி தனியே நினைக்கத் தக்கது. கோட்டைத் தளபதியுடன் ஏற்பட்ட பிணக்கால் நான்கு மாதம் சிறையிலும் இருந்தார்.

இலண்டனிலிருந்து அச்சு இயந்திரமும், ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்தன. அவ்வெழுத்துகள் பெரியவை, தாளை ஏராளமாக விழுங்கின. அதனால் பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈயத்தை உருக்கிச் சிறிய எழுத்துகள் வார்த்தனர் என்று கூறுவர். புதிய ஏற்பாடு 1715இல் தமிழில் முழுமையாக வெளிவந்தது. இந்தியாவின் முதல் அச்சகம் இதுவே எனச் சில வழிகாட்டி நூல்கள் எழுதுவது பொருந்தாது: கோவாவில் 1556இலேயே அச்சுப்பணி தொடங்கியது, 1578இல் கொல்லத்தில் தமிழ் நூல் அச்சாயிற்று. தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள பொறையாறில் தாள் தயாரிக்கும் பட்டறையும் இருந்தது. சீகன்பால்குவின் கல்லறை, 1718இல் திறக்கப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தில் உள்ளது.

பின்னர் இங்கே பணியாற்றிய ஜான் என்ற மறைப்பணியாளர் கடல் உயிரிகளைத் திரட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். கத்தாழை மீன் பேரினம் ஒன்று அவர் நினைவாக ஜானியஸ் எனப்படுகிறது.

1845இல் இவ்வூரும் வங்கத்தில் டேனியர் வசமிருந்த செராம்பூரும் சேர்த்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 12.5 லட்சம் ரூபாய்க்கு விற்கப்பட்டன. நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்த பின் துறைமுக வணிகம் மங்கியது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் மீனவக் குடியிருப்புகள் பெரும் உயிர்ச்சேதத்துக்கு உள்ளாயின. கோட்டையில் தற்போது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இயங்குகிறது. மயிலாடுதுறையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பேருந்துகள் உள்ளன.