குதிரைச் சஃபாரி

குதிரைச் சஃபாரி என்பது காட்டு விலங்குகள் வாழும் திறந்த நிலப்பகுதிகளில், வழிகாட்டி ஒருவரின் தலைமையில், குதிரை மீது அமர்ந்து மேற்கொள்ளப்படும் பயணம் ஆகும். ஓரிரு மணி நேரச் சவாரி முதல் பத்து நாட்கள் நீளும் முகாம் பயணம் வரை இதில் பல வகைகள் உண்டு. போட்சுவானா, தென்னாப்பிரிக்கா, கென்யா, தன்சானியா, நமீபியா ஆகிய நாடுகளில் இது நடத்தப்படுகின்றது. சஃபாரி என்ற சொல் சுவாகிலி மொழியில் பயணத்தைக் குறிக்கும். இது 'சஃபர்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததாகும்.

வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, மான் இனங்கள் போன்றவை நடந்து வரும் மனிதரைக் கண்டால் வெகு தொலைவிலேயே விலகி ஓடிவிடும். குதிரை மீது வருபவரை அவை பெரும்பாலும் மேய்ந்து திரியும் மற்றொரு நாற்கால் விலங்காகவே எடுத்துக்கொள்கின்றன. குதிரையின் மணம் மனித மணத்தை ஓரளவு மறைத்தும் விடுகின்றது. இதனால் ஊர்தி செல்ல முடியாத சதுப்பிலும் புதரிலும் விலங்குகளுக்கு மிக அருகில் செல்ல முடிகின்றது. இதே காரணத்தால் ஊனுண்ணிகளின் கண்ணுக்குக் குதிரை இரையாகவும் தோன்றக்கூடும். ஊர்திச் சஃபாரியில் இல்லாத இடர் இதுவேயாகும். பயணத்தைத் திட்டமிடும்போது எடுக்க வேண்டிய முடிவுகளுள் பெரும்பாலானவை இதையொட்டியே அமைகின்றன.

வரலாறு

19 ஆம் நூற்றாண்டில் தென்னாப்பிரிக்காவின் உட்பகுதிகளுக்குச் சென்ற ஐரோப்பியர் குதிரை மீதிருந்தே வேட்டையாடினர். பம்பாய்ப் படையில் பொறியாளராகப் பணியாற்றிய வில்லியம் கார்ன்வாலிஸ் ஹாரிஸ் 1836 இல் அங்கு பயணம் செய்தார். சேபிள் மானை அறிவியல் உலகுக்கு முதலில் விவரித்தவர் இவரே. அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த தியோடோர் ரூசவெல்ட் பதவிக்காலம் முடிந்த பின் 1909 இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் மேற்கொண்ட வேட்டைப் பயணத்திலும் குதிரைகள் பயன்பட்டன. விலங்குகளைக் கொல்லாமல் பார்ப்பதற்காக மட்டும் நடத்தப்படும் குதிரைச் சஃபாரி 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வளர்ந்த தொழிலாகும்.

ஆப்பிரிக்காவில் குதிரை வளர்ப்பு

சகாராவுக்குத் தெற்கே உள்ள பெரும்பகுதியில் குதிரைகள் நீண்டகாலம் நிலைபெற முடியாமல் போனதற்கு இரண்டு நோய்கள் முக்கிய காரணங்களாகும்.

முதலாவது ஆப்பிரிக்கக் குதிரை நோய். இது கியூலிக்காய்டிஸ் என்னும் மிகச் சிறிய கடிக்கும் பூச்சிகளால் பரவும் தீநுண்ம நோயாகும். வரிக்குதிரைகள் இத்தீநுண்மத்தைத் தாங்கி நிற்கின்றன. அவற்றுக்குப் பெரும்பாலும் நோய்க்குறிகள் தோன்றுவதில்லை. குதிரைகளிலோ நோயுற்றவற்றுள் பத்தில் ஒன்பது வரை இறக்கக்கூடும். 1854-55 இல் கேப் பகுதியில் ஏற்பட்ட கொள்ளைநோயில் ஏறத்தாழ 70,000 குதிரைகள் இறந்தன. நோய் கண்டு பிழைத்த குதிரைக்கு அக்காலத்தில் பன்மடங்கு விலை கிடைத்தது. 1960 ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்நோய் மேற்காசியா வழியாக இந்தியா வரை பரவியது. 2020 இல் தாய்லாந்திலும் பல நூறு குதிரைகள் இதனால் இறந்தன. தென்னாப்பிரிக்காவில் தடுப்பூசி இடப்படுகின்றது. பூச்சிகள் அந்தி முதல் விடியல் வரை கடிப்பதால் குதிரைகளை இரவில் கொட்டிலில் அடைத்து வைப்பதும் வழக்கம். உறைபனி விழத் தொடங்கியதும் நோய்ப் பருவம் முடிவடைகின்றது.

இரண்டாவது, செட்சி ஈயால் பரவும் நகானா என்னும் நோய். ஒக்கவாங்கோ கழிமுகத்தில் 2001, 2002 ஆகிய ஆண்டுகளில் வானூர்தியிலிருந்து பூச்சிக்கொல்லி தெளிக்கப்பட்டு இந்த ஈக்கள் ஒழிக்கப்பட்டன.

போயர்பெர்ட், பசூட்டோ மட்டக்குதிரை, தரோபிரெட் கலப்பினங்கள் ஆகியவை சஃபாரிக்குப் பரவலாகப் பயன்படுகின்றன. புதிதாக வாங்கப்படும் குதிரை யானை, எருமை முதலியவற்றின் தோற்றத்துக்கும் மணத்துக்கும் சிறிது சிறிதாகப் பழக்கப்பட்ட பின்னரே விருந்தினருக்குத் தரப்படுகின்றது.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

தொடக்கநிலையாளருக்கு மிக முக்கியமான கேள்வி, செல்லவிருக்கும் பகுதியில் சிங்கம், யானை, காட்டெருமை ஆகியவை உள்ளனவா என்பதாகும். இவை உள்ள இடங்களில் நடத்தப்படும் பயணங்களுக்குப் புதியவர்களைப் பொறுப்புள்ள நிறுவனங்கள் ஏற்பதில்லை. இடர் நேர்ந்தால் குழு முழுவதும் நாலுகால் பாய்ச்சலில் விலகிச் செல்ல வேண்டியிருக்கும். அதில் ஒருவர் விழுந்தாலும் மற்ற அனைவரும் நிற்க வேண்டிய நிலை ஏற்படும்.

போட்சுவானாவின் ஒக்கவாங்கோ கழிமுகம் குதிரைச் சஃபாரிக்குப் புகழ்பெற்ற இடமாகும். அங்கோலாவின் மேட்டுநிலங்களில் தோன்றும் ஒக்கவாங்கோ ஆறு கடலை அடையாமல் இங்கு பரந்து விரிந்து மணலிலும் காற்றிலும் மறைகின்றது. 2014 இல் இது யுனெசுகோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. மவுன் என்னும் நகரம் இதன் நுழைவாயிலாக உள்ளது. குதிரைகள் சேணம் நனையும் அளவு நீரில் நடந்தும் சில இடங்களில் நீந்தியும் செல்லும். நீர்யானையும் முதலையும் இருப்பதால் எந்தத் துறையில் இறங்கலாம் என்பதை வழிகாட்டியே முடிவு செய்வார். போட்சுவானாவின் கிழக்கு எல்லையில் உள்ள தூலிப் பகுதியும், கென்யாவில் மசாய் மாரா காப்பகத்தைச் சுற்றியுள்ள சமூகக் காப்பு நிலங்களும் இவ்வாறே தேர்ந்த சவாரியாளருக்கு உரியவை. நமீபியப் பாலைவனத்தைக் கடந்து அட்லாண்டிக் கரையை அடையும் நெடும்பயணத்தில் கொடிய விலங்குகள் குறைவு. ஆனால் நாள்தோறும் கடக்க வேண்டிய தொலைவு மிகுதி.

புதியவர்களுக்கு ஏற்ற இடமாகத் தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போ மாகாணத்தில் உள்ள வாட்டர்பெர்க் மலைப்பகுதியைக் குறிப்பிடலாம். இது 2001 இல் யுனெசுகோவின் உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்கப்பட்டது, மலேரியா அற்றது. இங்கு சிங்கமும் யானையும் இல்லாத தனியார் காப்பகங்கள் சில உள்ளன. அவற்றில் வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, எலண்டு மான் ஆகியவற்றுக்கு நடுவே நடைவேகத்தில் செல்ல முடியும். ஒரே விடுதியில் தங்கிக் காலையும் மாலையும் சவாரி செய்யும் ஏற்பாடு முதன்முறை செல்வோருக்குப் பொருந்தும். உடல் வலித்தால் ஒரு வேளை ஓய்வெடுக்கவும் ஊர்தியில் செல்லவும் வாய்ப்பிருக்கும். முகாம் விட்டு முகாம் நகரும் பயணத்தில் இவ்வசதி கிடையாது.

சவாரித் திறன்

பதிவுப் படிவங்களில் சவாரித் திறன் பற்றிக் கேட்கப்படும் கேள்விக்கு மிகைப்படுத்தாமல் விடையளிப்பதே புதியவர் தமக்கும் குதிரைக்கும் செய்துகொள்ளும் முதற்பாதுகாப்பு. உதகை ஏரிக்கரையிலோ மெரினாவிலோ ஒருவர் கயிற்றைப் பிடித்து நடத்திச் செல்ல, குதிரையில் ஏறி அமர்ந்த அனுபவம் இதில் கணக்கில் வராது. பல நிறுவனங்கள் முதல் நாளன்று விருந்தினரைச் சோதித்துப் பார்க்கின்றன. தேறாதவர் ஊர்திக்கு மாற்றப்படலாம். செலுத்திய கட்டணம் பெரும்பாலும் திரும்பக் கிடைப்பதில்லை.

குதிரையின் வேகங்கள் நான்காகப் பிரிக்கப்படுகின்றன. நடை மணிக்கு ஏறத்தாழ 6 கி.மீ. வேகமுடையது. டிராட் எனப்படும் ஓட்டத்தில் மூலைவிட்டமாக உள்ள இரு கால்கள் ஒருசேர நகர்வதால் அமர்ந்திருப்பவர் தூக்கிப் போடப்படுவார். இதைத் தவிர்க்க, தாளத்துக்கேற்ப அங்கவடியில் எழுந்து அமரப் பழக வேண்டும். கேன்டர் மூன்று தாளங்களை உடையது. டிராட்டை விட விரைவானது, ஆனால் உடலுக்கு மென்மையானது. நாலுகால் பாய்ச்சலில் குதிரை மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் செல்லும்.

காப்பகத்தில் நடைவேகப் பயணம் மட்டும் மேற்கொள்பவரும், புறப்படுவதற்கு முன் சவாரிப் பள்ளி ஒன்றில் இருபது மணி நேரமாவது பயிற்சி பெறுவது நல்லது. ஏறுதல், இறங்குதல், நிறுத்துதல், திருப்புதல், கடிவாளத்தை ஒரு கையில் பிடித்தல், டிராட்டில் எழுந்து அமர்தல் ஆகியவை அதற்குள் கைவரும். முகாம் பயணங்களில் நாள்தோறும் நான்கு முதல் ஆறு மணி நேரம் சேணத்தில் அமர வேண்டியிருக்கும். இந்த உழைப்புக்குத் தொடையும் இடுப்பும் பழகியிராவிட்டால் மூன்றாம் நாளில் நடப்பதே கடினமாகும்.

எடை வரம்பு

இதைப் பலர் அவமதிப்பாகக் கருதுகின்றனர்; உண்மையில் இது எளிய கணக்கு. குதிரை தன் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல். 450 கிலோ எடையுள்ள குதிரை 90 கிலோ சுமக்கலாம். சேணமும் பையும் 12 கிலோ எனக் கொண்டால் சவாரி செய்பவருக்கு 78 கிலோ எஞ்சுகின்றது. 500 கிலோ குதிரையாயின் இது 88 கிலோ. சமநிலையின்றித் தொப்பென்று அமரும் புதியவர், அதே எடையுள்ள தேர்ந்தவரை விடக் குதிரையின் முதுகுக்குக் கூடுதல் துன்பம் தருகிறார். எடையைக் குறைத்துச் சொன்னால் அதற்கான விலையைக் குதிரையின் முதுகெலும்பே கொடுக்கின்றது. எடை மிகுந்தவர் முன்கூட்டியே தெரிவித்தால் பெரிய குதிரை ஒதுக்கப்படலாம்.

பருவம்

தெற்கு ஆப்பிரிக்காவில் மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். புல் காய்ந்து விலங்குகள் நீர்நிலைகளில் கூடுவதால் அவற்றைக் காண்பது எளிது. ஒக்கவாங்கோவில் அங்கோலாவின் மழைநீர் பல மாதங்கள் கழித்து வந்து சேர்வதால், வறண்ட காலத்தின் நடுவில்தான் வெள்ளம் உச்சத்தை எட்டுகின்றது. சூன், சூலை விடியற்காலைகள் கடுங்குளிராக இருக்கும். ஆப்பிரிக்கா என்றாலே வெப்பம் என எண்ணி மெல்லிய உடையுடன் செல்பவர் இங்கு நடுங்குவர். அக்டோபரில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தொடலாம். மசாய் மாராவில் காட்டுமாடுகளின் இடப்பெயர்வைக் காண சூலை முதல் அக்டோபர் வரை ஏற்ற காலம்.

உடையும் பொருட்களும்

குதிரைச் சவாரிக்கென்று செய்யப்பட்ட தலைக்கவசம் கட்டாயம் தேவை. இருசக்கர வண்டிக்கான தலைக்கவசம் இதற்குப் பொருந்தாது. காலணிக்குச் சிறிய குதிகால் இருக்க வேண்டும். இல்லையெனில் பாதம் அங்கவடிக்குள் நழுவிச் சிக்கி, விழும்போது இழுத்துச் செல்லப்படும் ஆபத்து உண்டு. முழங்காலுக்குக் கீழே கட்டும் தோலுறை சேண வாரின் உராய்வைத் தடுக்கும். உள்ளாடையில் தடித்த தையல் இருக்கக் கூடாது. முதல் நாள் மாலையில்தான் இது எவ்வளவு முக்கியம் என்பது புரியும். காக்கி, மங்கிய பச்சை நிற முழுக்கைச் சட்டைகள் ஏற்றவை. செட்சி ஈ உள்ள பகுதிகளில் நீலமும் கருப்பும் அவற்றை ஈர்ப்பதால் தவிர்க்கப்படுகின்றன. சிறு வானூர்தியில் முகாமுக்குச் செல்வோரின் பொதி பெரும்பாலும் 20 கிலோவுக்குள், சட்டமில்லாத மென்பையில் இருக்க வேண்டும்.

விலங்குகளை எதிர்கொள்ளுதல்

குழு ஒற்றை வரிசையில் வழிகாட்டியின் பின் செல்லும். கடைசியில் மற்றொரு பணியாளர் வருவார். வழிகாட்டியை முந்துவதும் வரிசையிலிருந்து பிரிவதும் கூடாது. சிங்கத்தை எதிர்ப்பட்டால் குதிரைகளை அதை நோக்கித் திருப்பி நெருக்கமாக நிற்க வைப்பதே பொது விதி. ஓடும் விலங்கைத் துரத்துவது சிங்கத்தின் இயல்பு. குறுந்தொலைவில் அது குதிரையை விட விரைவானது. யானையிடம் இதற்கு மாறாக, அது நம்மை உணர்வதற்கு முன்பே காற்றின் திசை பார்த்து விலகிச் செல்ல வேண்டும். கன்றுடன் கூடிய யானைக் கூட்டம் மிகவும் ஆபத்தானது. இரண்டு சூழல்களிலும் என்ன செய்வது என்பதை வழிகாட்டி ஒற்றைச் சொல்லாலோ கையசைவாலோ அறிவிப்பார். புறப்படுவதற்கு முன் இக்குறிகளைத் தெளிவாகக் கேட்டறிவது அவசியம்.

நடைமுறையில் சிங்கத்தை விட, புல்லுக்குள் மறைந்திருக்கும் எறும்புண்ணிப் பன்றியின் வளைகளில் குதிரை கால் இடறுவதாலேயே கீழே விழ நேர்வது மிகுதி. இத்தகைய இடங்களில் கடிவாளத்தைச் சற்றுத் தளர்த்தினால் குதிரை தலையைத் தாழ்த்தித் தானே வழி பார்த்துக்கொள்ளும்.

உடல்நலமும் காப்பீடும்

ஒக்கவாங்கோ, தூலி, மாரா ஆகிய பகுதிகளில் மலேரியா உண்டு; புறப்படுவதற்கு முன்பே தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். மெஃப்லோகுவின் என்னும் மருந்து சிலருக்குத் தலைச்சுற்றலை ஏற்படுத்துவதால், குதிரையேறப் போவதை மருத்துவரிடம் கூறி வேறு மருந்து கேட்கலாம். ஏற்புத் தடுப்பூசியும் தேவை. சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல குதிரைச் சவாரியை விலக்கி வைக்கின்றன. சவாரியையும் வானூர்தி வழி மருத்துவ மீட்பையும் சேர்த்துக்கொண்ட காப்பீட்டையே வாங்க வேண்டும். முகாமிலிருந்து அருகிலுள்ள மருத்துவமனைக்குச் சாலை வழி செல்லப் பல மணி நேரம் ஆகலாம்.

கென்யா சென்று இந்தியா திரும்புவோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும்; இல்லாதவர் ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்தப்படலாம். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்தே சான்றிதழ் செல்லுபடியாகும். 2016 முதல் இது வாழ்நாள் முழுமைக்கும் ஏற்கப்படுகின்றது. சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் இந்த ஊசி போடப்படுகின்றது. பயணம் முடிந்ததும் காலணி, தோலுறை ஆகியவற்றில் ஒட்டிய மண்ணையும் சாணத்தையும் கழுவிக் கிருமிநீக்கம் செய்த பின்னரே உள்ளூர்க் குதிரைக் கொட்டில்களுக்கு அவற்றை அணிந்து செல்ல வேண்டும்.