லிபரேட்டர் முதல் டியூ-142 வரை: காயலான் கடை விமானங்கள்

எங்கள் நெமிலிக்குப் பக்கத்தில்தான் அரக்கோணம். அங்கே 1992 மார்ச்சில் ஐ.என்.எஸ். ராஜாளி தளம் தொடங்கியது. 1988-ல் சோவியத்திடம் வாங்கிய டியூ-142 விமானங்களுக்கு அதுதான் வீடு. நான்கு என்ஜின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரண்டு விசிறிகள். சத்தம் காதைப் பிளக்கும். 2017 மார்ச் 29-ல் ஓய்வு கொடுத்தார்கள். ஒன்று விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது.

எல்லா விமானத்துக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடைப்பதில்லை. பெரும்பாலானவை துண்டாகிப் பழைய இரும்புக்குப் போகும். சில மேசையாகவும் சுவர்க் கடிகாரமாகவும் மாறும். அமெரிக்காவில் மோட்டோஆர்ட் என்ற நிறுவனம் இதையே தொழிலாகச் செய்கிறது.

பழைய பாகம் கையில் கிடைத்தால் முதலில் பார்க்க வேண்டியது பளபளப்பை அல்ல, தகட்டில் அடித்திருக்கும் எண்ணை. கிரீடமும் 'ஏ.எம்.' எழுத்தும் இருந்தால் பிரிட்டிஷ் விமான அமைச்சகத்துப் பொருள். '6ஏ' என்று எண் தொடங்கினால் விமானக் கருவி, '5சி' என்றால் மின்சாதனம். ரஷ்ய எழுத்து இருந்தால் சோவியத் சரக்கு. அழகுக்காக அந்தத் தகட்டைத் தேய்த்து எடுத்துவிடுகிறார்கள். அதோடு பாகத்தின் ஜாதகமே போய்விடும்!

இன்னொன்று. இரண்டாம் உலகப்போர் காலத்து மீட்டர்கள் பலவற்றில் முள்ளும் எண்களும் இருட்டில் ஒளிர ரேடியம் பூசியிருப்பார்கள். ஒளி மங்கியிருக்கலாம், கதிரியக்கம் மங்காது. ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1600 ஆண்டுகள். கண்ணாடியைக் கழற்றிச் சுரண்டவே கூடாது.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது கான்பூர் கதை. போர் முடிந்ததும் பிரிட்டிஷார் தங்கள் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை அங்கே கைவிட்டார்கள். யாரும் பறக்கவிடக் கூடாது என்று வேண்டுமென்றே சேதப்படுத்திவிட்டுப் போனார்கள். பெங்களூர் ஹெச்.ஏ.எல். ஆட்கள் அந்தக் குப்பையில் இறங்கி, எந்தப் பாகம் எதற்குப் பொருந்தும் என்று தேடிச் சேர்த்து, ஓரளவு ஒட்டவைத்தார்கள். ஜாம்ஷெட் முன்ஷி என்ற விமானி அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். பாராசூட்டை நம்பித்தான் ஏறியிருப்பார் போல! நாற்பதுக்கும் மேற்பட்டவை உயிர் பெற்றன. 1948 நவம்பரில் இந்திய விமானப்படையில் சேர்ந்து, 1968 வரை பறந்தன.

அன்று அவற்றை உருக்கி அலுமினியப் பாத்திரம் செய்திருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் இன்று உலகில் மிச்சமிருக்கும் லிபரேட்டர்களில் பல, இந்தக் கான்பூர் குப்பையில் இருந்து வந்தவைதான். பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கும் லிபரேட்டரும், 1974-ல் இந்தியா கொடுத்தது.