கொங்கு நாடும் இஸ்கந்தரிய்யாத் துறைமுகமும்

கடல் வணிகம் என்றதும் நம் நெஞ்சில் தோன்றுவன காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் முதலிய ஊர்களே. கடலைக் காணாத கோவை, ஈரோடு, கரூர் மக்களுக்கு அவ்வரலாற்றில் பங்கில்லை என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். ஆனால், நொய்யல் கரையின் மண் வேறு செய்தி சொல்கிறது.

கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டு 500க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. 1891இலும் 1931இலும் அவ்வூரிலேயே மேலும் புதையல்கள் வெளிப்பட்டன. அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய பேரரசர்களின் தலை பொறித்த காசுகள் இத்துணை தொலைவு வந்தது எங்ஙனம்?

மேற்குத் தொடர்ச்சி மலையைப் பிளந்து நிற்கும் பாலக்காட்டுக் கணவாயே அதற்கு விடை. அதன் மேற்கே சேரரின் முசிறித் துறை. கிழக்கே நொய்யல் கரையில் கொடுமணல். பதிற்றுப்பத்து கொடுமணம் எனக் குறிக்கும் ஊர் இதுவே என்பர் அறிஞர். 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் மணிகள் செய்த பட்டறைகளும், இரும்பு உருக்கிய உலைகளும், தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் அங்கு வெளிப்பட்டன. பெரில் என்னும் பச்சைக்கல் காங்கயத்தை அடுத்த படியூரில் கிடைத்தது. அக்கல் இந்தியாவிலிருந்தே மிகுதியாக வருவதாக ரோமானிய அறிஞர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதினார்.

கலங்கள் வந்த காலத்தையும் அவரே கூறுகிறார். செங்கடல் துறையான பெரெனிகேயிலிருந்து கோடையின் நடுவில் பாய் விரித்தால் அரபுக்கடலின் வாயிலை அடைய 30 நாள். அங்கிருந்து பருவக்காற்றில் முசிறிக்கு 40 நாள். அங்கே இலையுதிர் காலம் அரும்பும் வேளையில், இங்கே புரட்டாசியில், யவனர் கலங்கள் கரை சேர்ந்தன. மார்கழியில் காற்றுத் திரும்பியதும் அவை மீண்டன. பின்னர்ச் சரக்குகள் ஒட்டகத்தின் மீது பாலைவனத்தைக் கடந்து, நைல் நதி வழியே மத்தியதரைக் கடலோரத்து இஸ்கந்தரிய்யாவை அடைந்தன. வியன்னாவில் காக்கப்படும் இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏடு ஒன்று இவ்வழியைத் தெளிவாக்குகிறது. முசிறியிலிருந்து சென்ற ஒரு கப்பலின் சரக்குக் கணக்கும், நான்கில் ஒரு பங்கு சுங்கம் செலுத்த வேண்டும் என்ற விதியும் அதில் உள்ளன. 1985இல்தான் அது அச்சில் வெளிவந்தது.

அந்நாளைய வணிகர் முஸ்லிம்கள் அல்லர். இஸ்லாம் அரும்ப இன்னும் பல நூற்றாண்டுகள் இருந்தன. ஆனால் வழி அதுவே. கி.பி. 641-642இல் ஹஜ்ரத் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களின் தலைமையில் இஸ்கந்தரிய்யா முஸ்லிம்கள் வசமாயிற்று. அதே பருவக்காற்றை அறிந்த அரபு மாலுமிகள் நம் கரைகளுக்குத் தொடர்ந்து வந்தனர். யவனர் என்ற சொல்லே திரிந்து சோனகர் என்றாகி, தமிழ் முஸ்லிம்களின் பெயராக நிலைத்தது என்பர் அறிஞர். வணிகம் வளர்த்த உறவு அச்சொல்லில் இன்றும் வாழ்கிறது.

ஹிஜ்ரி 726இல் (கி.பி. 1326) இப்னு பதூதா இஸ்கந்தரிய்யாவைக் கண்டார். அதற்கு நிகரான துறைமுகங்களைப் பின்னாளில் எண்ணியபோது, இந்தியாவின் கொல்லத்தையும் கோழிக்கோட்டையும் சீனத்தின் ஜைத்தூனையும் சேர்த்தே எண்ணினார். அந்நகரில் இமாம் புர்ஹானுத்தீன் அவர்களைச் சந்தித்தபோதுதான், இந்தியாவிலும் சிந்திலும் சீனத்திலும் உள்ள தம் சகோதரர்களுக்கு ஸலாம் சொல்லுமாறு அப்பெரியார் அவரைப் பணித்தார். இந்தியப் பயண எண்ணம் அவர் உள்ளத்தில் விழுந்தது அப்போதே.

வெள்ளலூர்ப் புதையல்களை நாம் அறிவது, அவை அரசின் கைக்கு வந்ததால். தட்டாரின் குகையில் உருகிப்போன காசுகளை எண்ணுவார் யார்? 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைப்பதை மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும். உழும்போதும் அடித்தளம் தோண்டும்போதும் இதனை நாம் மறவாதிருப்போமாக. ஒரு காசு உருகினால், நம் ஊரை உலகோடு இணைக்கும் சான்று ஒன்று மறைந்து போகிறது.