எதிரணியின் ஆற்றங்கரைத் திடல்: கல்கத்தா கால்பந்து ரசிகர்களின் நினைவுகள்

கால்பந்தில் ஓர் அணி தன் சொந்தத் திடலில் ஆடும் ஆட்டம் ஒரு வகை. எதிரணியின் திடலுக்குப் போய் ஆடும் ஆட்டம் இன்னொரு வகை. இரண்டாவது வகையில் ஆட்டக்காரர்களோடு ரசிகர்களும் பயணம் போகிறார்கள். பதிவேட்டில் தேதியும், கோல் எண்ணிக்கையும், கோல் போட்டவர் பெயரும் நிற்கும். ரசிகரின் நினைவில் நிற்பவை வேறு: எந்த ரயிலில் போனோம், எங்கே நிற்க இடம் கிடைத்தது, பந்து கண்ணில் பட்டதா, வீடு திரும்பியது எப்படி. வரலாறு படிக்கும் மாணவருக்கு இரண்டுமே சான்றுகள்தாம். ஒரு திடல் யாருக்குச் சொந்தமாக இருந்தது, அங்கே யார் உட்கார்ந்தார்கள், யார் வெளியே நின்றார்கள் என்பதைப் பெரும்பாலும் இரண்டாவது வகைச் சான்றே சொல்கிறது. இந்தியாவில் இதற்கு மிகப் பழைய எடுத்துக்காட்டு, ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள கல்கத்தா மைதான்.

ஆற்றங்கரை மைதான்

1757-இல் நடந்த பிளாசிப் போருக்குப் பின் ஆங்கிலேயர் ஹூக்ளியின் கிழக்குக் கரையில் புதிய வில்லியம் கோட்டையைக் கட்டத் தொடங்கினர். கோட்டையின் பீரங்கிகளுக்கு எதிரே பார்வை மறையக் கூடாது என்பதற்காகச் சுற்றியிருந்த காடு வெட்டப்பட்டது. அப்படி உண்டான பெரும் புல்வெளிதான் மைதான். நாம் தமிழில் எந்த விளையாட்டு இடத்தையும் மைதானம் என்கிறோம். கல்கத்தாக்காரர்களுக்கு மைதான் என்றால் அந்த ஒரே இடம்தான். அது இன்றும் ராணுவத்தின் பொறுப்பில் உள்ளது.

இந்தப் புல்வெளியின் ஒரு பக்கத்தில் கால்பந்து மன்றங்களின் திடல்கள் அடுத்தடுத்து அமைந்தன. ஆற்றின் படித்துறைகளான பாபு காட், சாந்த்பால் காட் ஆகியவற்றிலிருந்து சிறிது தூரம் நடந்தால் திடல்களுக்கு வந்துவிடலாம். ராணுவ நிலம் என்பதால் நினைத்தபடி நிரந்தரக் கட்டடம் எழுப்ப முடியாது. ஆகவே பல தலைமுறை ரசிகர்கள் மரப்பலகைக் காட்சிமேடைகளில் உட்கார்ந்தே ஆட்டம் பார்த்தார்கள். நுழைவுச்சீட்டு கிடைக்காதவர்கள் கோட்டையை ஒட்டிய மண்மேட்டுச் சரிவில் ஏறி நின்று இலவசமாகப் பார்த்தார்கள். முன்னால் நிற்பவரின் தலைக்கு மேல் பார்க்க, அட்டைக் குழாயில் கண்ணாடித் துண்டுகளைப் பொருத்திய பெரிஸ்கோப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களும் உண்டு.

1911: சொந்த ஊரிலேயே அயலார்

கல்கத்தா ஃபுட்பால் கிளப் 1872-இல் ஆங்கிலேயர்களால் தொடங்கப்பட்டது. மோகன் பாகான் 1889-இல் வங்காளிகளால் தொடங்கப்பட்டது. 1893-இல் ஐ.எஃப்.ஏ. கேடயப் போட்டி தொடங்கியது. முதல் 18 ஆண்டுகளில் எந்த இந்திய அணியும் அந்தக் கேடயத்தை வென்றதில்லை.

1911 ஜூலையில் மோகன் பாகான் வரிசையாக வென்று இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரே நின்றது ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்ட் என்ற ஆங்கிலப் படைப்பிரிவு அணி. ஆட்டம் நடந்த இடம் கல்கத்தா ஃபுட்பால் கிளப்பின் திடல். மோகன் பாகான் ரசிகர்களுக்கு ஊர் சொந்த ஊர்தான், ஆனால் திடல் வெள்ளையருடையது. தங்கள் ஊரிலேயே அவர்கள் அயலாராகப் போய் நின்றார்கள்.

ஜூலை 29, சனிக்கிழமை. காலையிலிருந்தே கூட்டம் மைதானை நோக்கி வரத் தொடங்கியது. கிழக்கிந்திய ரயில்வே சிறப்பு ரயில் விட்டது. ஆற்றின் மேலும் கீழும் இருந்த ஊர்களிலிருந்து கூடுதல் நீராவிப் படகுகள் ஓடின. அஸ்ஸாம், பாட்னா, டாக்கா பக்கங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இரண்டு ரூபாய் நுழைவுச்சீட்டு 15 ரூபாய் வரை கைமாறியதாக அக்காலச் செய்திகள் கூறுகின்றன. கூட்டத்தின் அளவை 80,000 என்றது ராய்ட்டர் செய்தி. ஒரு லட்சம் என்போரும் உண்டு.

அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் பந்தைக் கண்ணாலேயே பார்க்கவில்லை என்பதுதான் இதில் முக்கியமான செய்தி. திடலுக்குள் இடம் கொஞ்சம். மரக்கிளைகளில் சிலர் ஏறினர். மற்றவர்கள் வெளியே புல்வெளியில் நின்றார்கள். கோல் விழுந்ததும் அவர்களுக்குச் செய்தி சொல்ல, எண்ணிக்கையை எழுதிய பட்டங்களைப் பறக்கவிட்டார்கள். முதலில் ஏறிய பட்டம் கெட்ட செய்தியைத்தான் கொண்டு வந்திருக்க வேண்டும். ஏனென்றால் முதல் கோலை ராணுவ அணியின் ஜாக்சன் போட்டார். பிறகு மோகன் பாகான் தலைவர் சிப்தாஸ் பாதுரி கணக்கைச் சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் அபிலாஷ் கோஷ் இரண்டாவது கோலைப் போட்டார். 2–1.

பூட்ஸ் அணிந்த படைவீரர்களை எதிர்த்து ஆடிய பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள். பூட்ஸ் போட்டிருந்த ஒரே ஆட்டக்காரர் சுதிர் சாட்டர்ஜி. அவர் கிறிஸ்தவர், கல்லூரி ஆசிரியர். வெற்றி ஊர்வலத்தில் இந்துக்களோடு முஸ்லிம்களும் சேர்ந்து ஆடிப்பாடியதை அக்கால இதழ்கள் பதிவு செய்துள்ளன. 1905-இல் வங்காளம் மத அடிப்படையில் பிரிக்கப்பட்டிருந்த சூழலில் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதே ஆண்டில் நம் பகுதி

இந்த வெற்றி ஒரு விளையாட்டு வெற்றிக்கும் மேலாக ஏன் எண்ணப்பட்டது என்பதை நம் மாவட்டத்து மாணவர்கள் எளிதில் உணரலாம். வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1908 மார்ச்சில் வங்கத் தலைவர் விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாட முனைந்ததை ஒட்டியே அவர் கைதானார், திருநெல்வேலியில் எழுச்சி மூண்டது. 1911-இல் வ.உ.சி. சிறையில் இருந்தார். எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார் புதுச்சேரியில் இருந்தார். அவ்வாண்டு ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் சந்திப்பில் ஆட்சியர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். மோகன் பாகானின் இறுதி ஆட்டம் அதற்கு ஆறு வாரம் கழித்து நடந்தது. இரு நிகழ்ச்சிகளுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் வெள்ளையரை எதிலேனும் வெல்ல முடியுமா என்ற கேள்வி இரு கரைகளிலும் ஒரே காலத்தில் இருந்தது. கல்கத்தாவில் அதற்கு ஒரு விடை கால்பந்துத் திடலில் கிடைத்தது.

ஒரு கதையும் அதன் உண்மையும்

1911 பற்றி ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. வெற்றிக்குப் பின் ஒருவர் வில்லியம் கோட்டையின் மேல் பறந்த ஆங்கிலக் கொடியைக் காட்டி, அது எப்போது இறங்கும் என்று கேட்டாராம். மோகன் பாகான் மறுபடியும் கேடயத்தை வெல்லும்போது என்று பதில் வந்ததாம். மோகன் பாகான் அடுத்த முறை ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றது 1947-இல்.

இந்தப் பேச்சு அன்று உண்மையில் நடந்ததா? 1947-க்குப் பிறகுதான் இந்தக் கதைக்கு இவ்வளவு பொருத்தம் வந்தது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். பின்னால் நடந்ததை அறிந்தவர்கள் முன்னால் நடந்ததைத் திருத்திச் சொல்வது நினைவின் இயல்பு. ஆகவே 1911-இல் யார் என்ன பேசினார் என்பதற்கு இக்கதையைச் சான்றாகக் கொள்ள முடியாது. ஆனால் அந்தத் தலைமுறைக்கு அவ்வெற்றி என்ன பொருள் தந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

இன்னொரு செய்தியும் உண்டு. வெள்ளையர் மன்றத்தின் அந்தத் திடல் பிற்காலத்தில் மோகன் பாகானின் திடலாயிற்று. தாத்தா வெளியே நின்று பட்டத்தைப் பார்த்த இடத்தில் பேரன் உறுப்பினர் அட்டையோடு உள்ளே போய் உட்கார்ந்தான்.

ஈஸ்ட் பெங்கால்: அகதிகளின் அணி

ஈஸ்ட் பெங்கால் மன்றம் 1920 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கப்பட்டது. கிழக்கு வங்காளத்திலிருந்து பிழைப்புக்காக வந்தவர்களின் அணி இது. 1947-இல் நாடு பிரிந்தபின் வீடு வாசலை விட்டு வந்த லட்சக்கணக்கானோர்க்கும் அதுவே சொந்த அணியாயிற்று. மேற்கு வங்கத்தார் 'கோட்டி' என்றும், கிழக்கிலிருந்து வந்தோர் 'பாங்கால்' என்றும் அழைக்கப்பட்டனர். ஈஸ்ட் பெங்கால் ரசிகருக்கு எதிரணித் திடலுக்குப் போவது ஆட்டத்தோடு முடியும் பயணம் இல்லை. அந்த நகரமே அவருக்கு வேற்றூராக இருந்தது. 1949 முதல் 1951 வரை தொடர்ந்து மூன்று முறை ஐ.எஃப்.ஏ. கேடயத்தை அவரது அணி வென்றபோது, முகாமில் வாழ்ந்தவர்கள் தலைநிமிர்ந்து நடந்தார்கள். அந்த அணியின் முன்வரிசையில் ஆடிய ஐவர் தென்னிந்தியர்: வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. இவர்களைப் பஞ்ச பாண்டவர் என்று வங்காளிகள் அழைத்தனர்.

இந்தப் போட்டி சாப்பாட்டிலும் புகுந்தது. ஈஸ்ட் பெங்கால் வென்றால் அன்று இலிஷ் மீன். மோகன் பாகான் வென்றால் இறால். வென்ற அணிக்குரிய மீனின் விலை சந்தையில் ஏறும். மீன் விலை ஏறுவதும் இறங்குவதும் தெரிந்த நம் கடற்கரைக்காரர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

1980 ஆகஸ்ட் 16

எல்லா நினைவும் இனிப்பானதாக இருப்பதில்லை. 1980 ஆகஸ்ட் 16 அன்று மைதானின் ஓரத்தில் ஆற்றுக்கு அருகில் உள்ள ஈடன் கார்டன்ஸில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பாகான் அணிகள் மோதின. கிரிக்கெட்டுக்குப் பெயர்பெற்ற அரங்கம் அது. அன்று இரு அணி ரசிகர்களும் ஒரே காட்சிமேடையில் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். களத்தில் முரட்டு ஆட்டம் மூண்டது, இருபுறமும் ஆட்டக்காரர்கள் வெளியேற்றப்பட்டார்கள். மேடையில் கல்வீச்சும் அடிதடியும் தொடங்கின. தப்பித்து ஓட முயன்றவர்கள் நெரிசலில் சிக்கினார்கள். 16 ரசிகர்கள் இறந்தார்கள்.

ஆட்டம் பார்க்கப் போன பிள்ளை திரும்பி வரவில்லை என்ற செய்தி 16 வீடுகளுக்குப் போனது. இறந்தவரை எந்த அணி ரசிகர் என்று பிரித்துப் பார்ப்பதில் பொருளில்லை என்பதை நகரம் அன்று கற்றுக்கொண்டது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 கால்பந்து ரசிகர் நாளாக நினைவுகூரப்படுகிறது. அன்று ரத்ததான முகாம் நடத்துகிறார்கள்.

ரசிகர்களைப் பிரித்து உட்காரவைப்பது, தனித்தனி வாயில்கள், வெளியேற அகலமான வழிகள் ஆகியவை வெறும் கெடுபிடிகள் என்று இளைஞர்கள் நினைக்கலாம். இத்தகைய சாவுகளிலிருந்து பிறந்த விதிகள் அவை. இங்கிலாந்தில் 1989-இல் ஹில்ஸ்பரோ அரங்கில் நடந்த நெரிசலில் 97 ரசிகர்கள் உயிரிழந்தார்கள். அவர்களும் வெளியூரிலிருந்து தங்கள் அணியைப் பின்தொடர்ந்து வந்த லிவர்பூல் ரசிகர்களே. அதன்பிறகு அந்நாட்டின் பெரிய அரங்குகளில் நின்று பார்க்கும் மேடைகள் நீக்கப்பட்டு இருக்கைகள் வந்தன.

ஆற்றங்கரையை விட்டு

1984-இல் கல்கத்தாவின் கிழக்கே சால்ட் லேக் அரங்கம் திறக்கப்பட்டது. பெரிய ஆட்டங்கள் ஆற்றங்கரையை விட்டு அங்கே போயின. 1997 ஜூலை 13 அன்று நடந்த ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு 1,30,000-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4–1 என வென்றது.

தமிழ் ரசிகர்களுக்கும் பயண நினைவுகள் உண்டு. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது சென்னையின் எஃப்.சி. அணி தன் சொந்த ஊர் அரையிறுதியைப் புனேயில் ஆட வேண்டியதாயிற்று. சொந்த ஆட்டமே வெளியூர் ஆட்டமானது. டிசம்பர் 20 அன்று கோவாவின் ஃபட்டோர்டா அரங்கில், எதிரணியான எஃப்.சி. கோவாவின் சொந்தத் திடலில், 3–2 என வென்று அந்த அணி கோப்பையைக் கொண்டு வந்தது.

2024 ஆகஸ்டில் கல்கத்தா அரசு மருத்துவமனை ஒன்றில் பயிற்சி மருத்துவர் ஒருவர் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். நகரம் போராட்டத்தில் இறங்கியது. ஆகஸ்ட் 18 அன்று சால்ட் லேக்கில் நடக்கவிருந்த ஈஸ்ட் பெங்கால், மோகன் பாகான் ஆட்டம் ரத்து செய்யப்பட்டது. ஆட்டம் இல்லாத அந்த நாளிலும் ரசிகர்கள் அரங்கத்தின் முன் வந்தார்கள். இரு அணிக் கொடிகளையும் சேர்த்துப் பிடித்து, கொல்லப்பட்டவருக்கு நீதி கேட்டார்கள். முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும் அவர்களோடு நின்றார்கள். போலீசார் தடியடி நடத்திக் கலைத்தனர். நூறு ஆண்டுகளாக எதிரெதிரே நின்றவர்கள் அன்று ஒரே பக்கம் நின்றார்கள்.

மாணவர்களுக்கு

கல்கத்தாவின் நினைவுகள் எழுதிவைக்கப்பட்டதால் நமக்குக் கிடைத்தன. நம் பக்கத்தில் கோவில்பட்டி ஹாக்கிக்கும் தூத்துக்குடி கால்பந்துக்கும் லாரியிலும் பேருந்திலும் போய் ஆட்டம் பார்த்த பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் யார் வென்றார்கள் என்பதை மட்டும் கேட்காதீர்கள். எப்படிப் போனீர்கள், எங்கே நிற்கவிட்டார்கள், யாரை உள்ளே விடவில்லை, குடிக்கத் தண்ணீர் யார் கொடுத்தார்கள், இரவு எப்படித் திரும்பினீர்கள் என்று கேளுங்கள். சொல்வதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். தேதியைப் பிறகு பழைய செய்தித்தாளில் சரிபார்த்துக்கொள்ளலாம். கோல் கணக்கு எங்காவது அச்சில் இருக்கும். மற்றவை அவர்களோடு போய்விடும்.