கால் டன் ட்ரெய்லர்

கம்பத்தில் என் பட்டறைக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் ஒரு பழைய ஜீப் ட்ரெய்லர் நிற்கிறது. பெயின்ட் உரிந்துவிட்டது. தார்ப்பாய் கட்டும் கொக்கிகளில் பாதி இல்லை. ஆனாலும் மழைக்காலத்தில் தொட்டி நிறைந்தால் ஒரு சொட்டு ஒழுகாது. அடித்தகட்டில் இருக்கும் அடைப்பானைத் திறந்துவிட்டால்தான் தண்ணீர் வடியும். வேலை பழக வரும் பையன்கள் எல்லாரும் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி, “சாமான் ஏத்துற ட்ரெய்லருக்கு அடியில எதுக்குண்ணே அடைப்பான்?”

ஆற்றில் மிதப்பதற்காக என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். உண்மை அதுதான். ஜீப் இறங்கி ஏறும் ஓடையில் பின்னால் வருவதும் மூழ்கக் கூடாது என்று தண்ணீர் புகாத தொட்டியாகவே இதைச் செய்தார்கள். கரையேறிய பிறகு, உள்ளே தெறித்த தண்ணீரை வடிக்க அந்த அடைப்பான்.

ஜீப்பின் கதையைச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். அதன் பின்னால் ஓடியதைப் பற்றிப் பேச ஆளில்லை என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் என்ற ஊரில் பான்டம் என்றொரு சின்ன கார் கம்பெனி இருந்தது. 1940-ல் ராணுவம் சிறிய நாலு சக்கர இழுவை வண்டி கேட்டபோது, கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளரை வைத்துப் படம் வரைந்து, 49 நாள் கெடுவுக்குள் வண்டியைச் செய்து, செப்டம்பர் 23 அன்று ஹோலபேர்டு ராணுவ முகாமில் கொண்டுபோய் நிறுத்தியது அந்தக் கம்பெனிதான். ஆனால் பெரிய ஆர்டர்கள் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போயின. அவர்கள் இருவரும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்தார்கள். பான்டம் செய்தது மூவாயிரம்கூட இல்லை. ஜீப்பைப் பெற்றெடுத்த கம்பெனிக்குக் கடைசியில் கிடைத்தது, ஜீப் இழுக்கும் கால் டன் ட்ரெய்லரைச் செய்யும் வேலை.

அந்த வேலையை அவர்கள் மனம் வைத்துச் செய்திருக்கிறார்கள். ஜீப்புக்குப் போட்ட அதே 6.00-16 டயரைத்தான் ட்ரெய்லருக்கும் போட்டார்கள். காட்டில் ஜீப் டயர் கிழிந்தால் ட்ரெய்லர் சக்கரத்தைக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம். முன் சக்கரம் அமுக்கிய தடத்திலேயே ட்ரெய்லரும் வரும், புதிதாகப் பள்ளம் தோண்டாது. வெறும் ட்ரெய்லர் ஏறக்குறைய 250 கிலோ, கரடுமுரடான பாதையில் அதில் ஏற்றும் சுமை 225 கிலோ. மொத்தம் ஏறக்குறைய 1,050 பவுண்டு. ஜீப் இழுக்கலாம் என்று ராணுவம் வகுத்த அளவும் அதை ஒட்டியதுதான், 1,000 பவுண்டு.

இழுக்கும் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ராணுவ ஜீப்பின் அடியில் படுத்துப் பார்த்தால், பின் குறுக்குச் சட்டத்தில் கொக்கி உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து இரண்டு சாய்வுத் தாங்கிகள் முன்னால் போய்ச் சேஸைப் பிடித்திருக்கும். கொக்கியில் விழும் இழுப்பு முழுக்கச் சேஸுக்குப் போக வேண்டும், பம்பரில் தங்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தைத்தான் நான் முப்பது வருஷமாகத் தொண்டை வற்றச் சொல்கிறேன்.

காரணம் இருக்கிறது. நான் கைப்பழக்கத்துக்குச் சேர்ந்த பட்டறையில், எஸ்டேட்டுக்கு ஜெனரேட்டர் ஏற்றிப்போக ஒரு ஜீப்புக்குக் கொக்கி வைத்தோம். அவசர வேலை. கொக்கியைப் பம்பர் பட்டையில் வைத்து வெல்டிங் அடித்தோம். அடித்தவன் நான். காவல் சங்கிலி போடவில்லை. மேலே ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. இறங்கி வரும்போது, நாலாவது கொண்டை ஊசி வளைவில், பம்பர் காகிதம் மாதிரி கிழிந்து கொக்கியோடு போய்விட்டது. ட்ரெய்லர் தானாக ஓடி ஏலத்தோட்டத்துக்குள் இறங்கிக் கவிழ்ந்தது. செடிக்குள் அப்போது காய் எடுக்கிற பெண்கள் யாரும் இல்லை, சாப்பாட்டு நேரம். வாத்தியார் என்னைத் திட்டவில்லை. கிழிந்த பம்பரைக் கையில் கொடுத்து, “வெல்டு விடலடா, தகடுதான் விட்டிருக்கு, பாரு” என்றார். பார்த்தேன். நான் அடித்த வெல்டு அப்படியே முழுசாக இருந்தது.

போர் முடியும் தறுவாயில் வில்லிஸ்காரர்கள் ஜீப்பை விவசாயிக்கு விற்க நினைத்தார்கள். 1945-ல் வந்த சி.ஜே. 2ஏ வண்டிதான் அது. என்ஜின் அதே 134 கன அங்குல, 60 குதிரைத்திறன் என்ஜின். மாறியது பல்சக்கரம். ராணுவ ஜீப்பின் கிரவுன் பினியனில் பல் எண்ணினால் எட்டுக்கு முப்பத்தொன்பது. விவசாயி ஜீப்பில் எட்டுக்கு நாற்பத்து மூன்று. கியர் பெட்டியும் டிரான்ஸ்ஃபர் பெட்டியின் லோ கியரும் மாறின. கணக்குப் போட்டால், லோவில் முதல் கியரில் ராணுவ வண்டியின் என்ஜின் ஏறக்குறைய 25 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. விவசாயி வண்டியில் 36. வேகம் போயிற்று, இழுப்பு வந்தது. கூடவே, கலப்பையும் ட்ரெய்லரும் பூட்ட இழுவைச் சட்டமும் வந்தது.

நாற்பதுகளின் இறுதியில் பம்பாயில் மஹிந்திரா ஜீப் பூட்டத் தொடங்கி, பிறகு உயரமான பானெட் வைத்த சி.ஜே. 3பி வண்டியை வருஷக்கணக்காகச் செய்தபோது, அந்த எட்டு – நாற்பத்து மூன்று நம் மலைக்கும் வந்து சேர்ந்தது. என் அப்பா அரசுத் துறை ஒன்றில் அப்படிப்பட்ட ஜீப்பை ஓட்டினார். கூடாரம், மருந்து டின், ஸ்டவ் எல்லாம் ட்ரெய்லரில் போகும். இறக்கத்தில் ட்ரெய்லர்தான் ஜீப்பைத் தள்ளும். அதன் கை பிரேக் நிறுத்தி வைப்பதற்கு மட்டும்தான், ஓட்டத்தில் பிடிக்க அதற்குப் பிரேக்கே கிடையாது. அதனால் மேட்டின் உச்சியிலேயே வண்டியை நிறுத்தி லோ கியர் போட்டுக்கொண்டுதான் அப்பா இறங்குவார். பாரம் கட்டும்போது கனமான டின்களை அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் வைப்பார். பின்னால் கனம் போனால் ட்ரெய்லர் கொக்கியைத் தூக்கும், வண்டி பாம்பாக நெளியும்.

இப்போது பந்துக் கொக்கி வைக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். தார்ச்சாலைக்கு அது போதும். எஸ்டேட் பாதையில் ஜீப் ஒரு பக்கமும் ட்ரெய்லர் மறுபக்கமும் சாய்கிற இடத்தில் பந்து இறுகிக்கொள்ளும், கழுத்து முறியும். வாய் திறந்து மூடும் பழைய கொக்கிக்குள் இரும்பு வளையம் எப்படி வேண்டுமானாலும் திரும்பும். கடகடவென்று சத்தம் போடும், அவ்வளவுதான். நான் அதைத்தான் வைக்கிறேன்.

போன வாரம் போடியிலிருந்து ஒருவர் மருந்தடிக்கிற ட்ரெய்லர் இழுக்க வேண்டும் என்று டீசல் ஜீப்பைக் கொண்டுவந்தார். முதலில் பின் ஹவுசிங்கைக் கழற்றிப் பல் எண்ணினோம். எட்டு – முப்பத்தொன்பது. “மாத்தணுமா தம்பி, செலவு ஆகுமே?” என்றார். 500 லிட்டர் டேங்க் என்றால் தண்ணீரே அரை டன், லோ கியரில் மெதுவாக ஏறினாலும் கிளட்ச் தாங்காது. ஒன்று பல்லை மாற்றுவோம், இல்லை 200 லிட்டர் பேரல் போதும் என்றேன். வேப்பமரத்தடி ட்ரெய்லரைக் கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்தார். குனிந்து அடைப்பானைத் திறந்து மூடிப் பார்த்தார்.

“இதுலயே பேரலை வச்சுக்கட்டலாம்ல?” என்றார்.

பையனைக் கூப்பிட்டு அச்சுக்கு கிரீஸ் வைக்கச் சொன்னேன். சாய்வுத் தாங்கிக்கு இரும்பு வெட்ட நான் அளவு எடுக்கப் போனேன்.