உயிரியல் ஆவணப்படம் (தமிழ்நாடு)

உயிரினங்களின் இயக்கத்தையும் நடத்தையையும் அசையும் படமாகப் பதிந்து ஆராய்வதும், கண்டறிந்ததை மக்களிடம் கொண்டுசேர்ப்பதும் உயிரியல் ஆவணப்படத்தின் பணி. தமிழ்நாட்டில் இத்துறைக்கு வலுவான அடித்தளம் இட்டவர்கள், விலங்குகளோடு நேரடியாகப் பழகிய சென்னைப் பாம்புப் பண்ணையினர்.

முன்வரலாறு

1882இல் பிரெஞ்சு உடலியலாளர் எத்தியேன்-ஜூல் மாரே, துப்பாக்கி வடிவக் கேமராவால் வினாடிக்கு 12 படங்கள் எடுத்துப் பறவையின் சிறகடிப்பை ஆராய்ந்தார். 1909இல் ஜான் கொமாந்தோன், நுண்ணோக்கியோடு திரைப்படக் கேமராவை இணைத்து, மேகநோய்க் கிருமி நெளிந்து நகர்வதைத் திரையில் காட்டினார்.

சென்னையில் வளர்ச்சி

ரோமுலஸ் விட்டேகர் தொடங்கிய பாம்புப் பண்ணை 1972இல் கிண்டிக்கு வந்தது. பள்ளிப் பருவத்தில் அங்கே தொண்டராகச் சேர்ந்த சேகர் தத்தாத்ரி, பின்னர் படமெடுக்கத் தொடங்கினார். பாம்புத்தோல் வணிகம் தடைசெய்யப்பட்டதால் பிழைப்பிழந்த, பாம்பு பிடிக்கும் பழங்குடியினரான இருளர்களுக்காக 1978இல் கூட்டுறவுச் சங்கம் உருவானது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்செடுத்த பின் மீண்டும் வெளியில் விடுவது அதன் முறை. இச்சங்கத்தைப் பற்றிய 'எ கோஆபரேட்டிவ் ஃபார் ஸ்னேக் கேட்சர்ஸ்' (1987) தேசிய விருது பெற்றது. தடம் பார்த்தே பாம்பிருக்கும் பொந்தைக் கண்டறியும் இருளரின் கூர்ந்த அறிவு, அறிவியலுக்கு உரிய மதிப்போடு பார்க்கப்பட வேண்டியது.

ராஜநாகம் பற்றிய விட்டேகரின் 'தி கிங் அண்ட் ஐ' 1998இல் எம்மி விருது பெற்றது. சருகைக் கூட்டிக் கூடு கட்டி முட்டையிடும் பாம்பு ராஜநாகம். இத்தகைய நடத்தையைப் பாடம் செய்த உடலிலிருந்து அறிய முடியாது. உயிருள்ள விலங்கைத் தொடர்ந்து கவனிக்கும் கேமரா அதைப் பதிந்து, பலர் மீண்டும் மீண்டும் பார்த்துச் சரிபார்க்கத் தருகிறது.

பின்னர் தத்தாத்ரி இயற்கைப் பாதுகாப்புப் படங்களுக்குத் திரும்பினார். கர்நாடகத்தின் குதுரேமுக இரும்புச் சுரங்கத்தை எதிர்த்த 'மைண்ட்லெஸ் மைனிங்' (2001) அவற்றுள் ஒன்று. சுரங்கப் பணியை 2005 இறுதிக்குள் நிறுத்த உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2004இல் அவர் ரோலெக்ஸ் விருது பெற்றார்.

திருப்பூர் வட்டாரம்

இத்தகைய பதிவுக்கு ஏற்ற இடங்கள் திருப்பூர் மாவட்டத்திலும் உள்ளன. பின்னலாடை நகரான திருப்பூரை அடுத்துள்ள நஞ்சராயன் குளம் 2022இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024இல் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. மாவட்டத்தின் தெற்கில் அமராவதி அணையின் முதலைகளும் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உடுமலை, அமராவதி சரகங்களும் உள்ளன. இன்று கைபேசியே இங்கெல்லாம் பதிவுக் கருவி ஆகலாம். ஆனால் நாள், நேரம், இடம் குறிக்கப்பட்ட காட்சியே ஆய்வுக்குச் சான்றாகும். கூட்டை நெருங்காமலும் ஒலியெழுப்பி ஈர்க்காமலும் எடுத்த காட்சியே விலங்கின் இயல்பான நடத்தையைக் காட்டும்.