ஐந்தாண்டுக்கு ஒருமுறை 35 மணி நேரம்: ஐரோப்பாவில் லோரி ஓட்டுநர்களும் வகுப்பறைக்குப் போக வேண்டும்

2025 மே 13ஆம் தேதி காலை. தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமி விழாவின் பாதுகாப்புப் பணியை முடித்துவிட்டு ஈப்போவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த எஃப்.ஆர்.யு. கலகத் தடுப்புப் படையினரின் வாகனமும், கற்களை ஏற்றி வந்த லோரி ஒன்றும் மோதிக்கொண்டன. படையினர் 9 பேர் உயிரிழந்தனர். நம் கோயில் திருவிழாவுக்குக் காவல் நின்றவர்கள் என்பதால், நாட்டையே உலுக்கிய அந்தச் செய்தி இந்தியச் சமூகத்தைக் கூடுதலாகவே வாட்டியது. நான்கு வாரங்கள்கூட ஆகவில்லை, ஜூன் 9ஆம் தேதி கெரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் பேருந்து கவிழ்ந்து சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் மாண்டனர்.

அதன் பிறகு லோரியின் சுமை, பிரேக், பராமரிப்பு, நிறுவனங்களின் பொறுப்பு என எல்லாமே விவாதத்துக்கு வந்தன. அந்த ஆண்டு அக்டோபர் முதல் தேதியிலிருந்து கனரக வாகனங்களில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டங்கட்டமாகக் கட்டாயமாக்கப்பட்டது. வண்டிக்குக் கருவி வந்துவிட்டது. அதை ஓட்டுகிறவரின் அறிவையும் பழக்கத்தையும் அவ்வப்போது புதுப்பிக்க ஏதேனும் வழி உண்டா என்ற கேள்வி எழும்போதெல்லாம் போக்குவரத்துத் துறையினர் எடுத்துக்காட்டுவது ஐரோப்பாவின் ஏற்பாட்டைத்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் லோரி ஓட்டுவதைத் தொழிலாகக் கொண்டவர் கனரக உரிமம் வைத்திருந்தால் மட்டும் போதாது. தொழில்முறைத் தகுதிச் சான்று ஒன்றும் வேண்டும். அந்தச் சான்று ஐந்து ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். அதைப் புதுப்பிக்க, அந்த ஐந்து ஆண்டுகளுக்குள் 35 மணி நேரப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். 25 வயதுக்காரருக்கும் இந்த விதிதான், முப்பது ஆண்டுகள் ஸ்டீயரிங் பிடித்தவருக்கும் இந்த விதிதான். மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களை ஓட்டுவோர் அனைவரும் இதற்குள் வருகின்றனர். இராணுவம், போலீஸ், தீயணைப்பு வாகனங்களுக்கும், மணிக்கு 45 கிலோமீட்டருக்கு மேல் ஓடாத வாகனங்களுக்கும் விலக்கு உண்டு. தன் வேலைக்கான கருவிகளையும் பொருள்களையும் தானே ஏற்றிச் செல்லும் கைவினைத் தொழிலாளிக்கும் விலக்கு உண்டு, ஆனால் வண்டி ஓட்டுவது அவருடைய முதன்மை வேலையாக இருக்கக் கூடாது.

இதற்கான ஆணையை ஐரோப்பிய ஒன்றியம் 2003 ஜூலையில் பிறப்பித்தது. அதுவரை பெரும்பாலான உறுப்பு நாடுகளில் கனரக உரிமம் கைக்கு வந்தால் மறுநாளே வேலைக்குச் சேரலாம். பிரான்ஸ் போன்ற சில நாடுகள்தாம் முன்பே கட்டாயப் பயிற்சி வைத்திருந்தன. நம் நாட்டிலும் பழைய தலைமுறை இந்தத் தொழிலுக்குள் வந்த வழி வேறு. கெலிண்டானாக ஏறி, சரக்கு ஏற்றி இறக்கி, அண்ணன்மார் ஓட்டுவதைப் பார்த்துப் பார்த்துப் பழகி, ஒரு நாள் முதலாளி சாவியைக் கையில் கொடுப்பார். அப்படி வந்தவர்களில் அருமையான ஓட்டுநர்கள் எத்தனையோ பேர். ஆனால் அண்ணன் செய்த தவறும் அப்படியே தம்பிக்கு வந்து சேரும் என்பது அந்த வழியின் குறை.

புதிய விதி பேருந்து ஓட்டுநர்களுக்கு 2008 செப்டம்பர் 10 முதலும், லோரி ஓட்டுநர்களுக்கு 2009 செப்டம்பர் 10 முதலும் நடப்புக்கு வந்தது. புதிதாகத் தொழிலுக்கு வருகிறவருக்கு 280 மணி நேர முழுப் பயிற்சி, அல்லது 140 மணி நேரத் துரிதப் பயிற்சி என்று ஆணை வகுத்திருக்கிறது. பயிற்சி நேரத்தைக் கணக்கிடாமல் தேர்வை மட்டும் வைக்கவும் நாடுகளுக்கு அனுமதி உண்டு. பிரிட்டன் அந்த வழியில் சென்றது. அங்கே நான்கு கட்டத் தேர்வு: எழுத்துத் தேர்வோடு ஆபத்தை முன்கூட்டி உணரும் தேர்வு, சூழ்நிலை ஆய்வு, சாலையில் ஓட்டிக் காட்டுதல், கடைசியாக வாகனத்தைச் சுற்றிப் பார்த்துச் சோதிப்பது, சரக்கைக் கட்டுவது போன்றவற்றைச் செய்து காட்டுதல். தேறியவருக்குப் புகைப்படத்துடன் ஓர் அட்டை கிடைக்கும். மற்றப் பல நாடுகளில் தனி அட்டைக்குப் பதிலாக ஓட்டுநர் உரிமத்திலேயே 95 என்ற எண்ணும் காலாவதித் தேதியும் அச்சாகின்றன. சாலைச் சோதனையில் அதிகாரி முதலில் தேடும் எண்களில் அதுவும் ஒன்று. பிரிட்டனில் தகுதியில்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம்.

35 மணி நேரம் என்றால் பொதுவாக ஏழு மணி நேரமாக ஐந்து நாள்கள். ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் போகலாம், ஒரே வாரத்திலும் முடித்துவிடலாம்.

வகுப்பில் என்ன நடக்கிறது? கியர் போடக் கற்றுக்கொடுப்பதில்லை, அது தெரிந்தவர்கள்தாம் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். சரக்கைக் கட்டும் பாடத்தை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பியத் தரவிதிப்படி சரக்கின் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசை முன்னோக்கித் தள்ளினாலும், பாதிப் பங்கு விசை பக்கவாட்டிலோ பின்னோக்கியோ தள்ளினாலும் கட்டு அசையக் கூடாது. 10 டன் இரும்பை ஏற்றியவர் திடீரென்று பிரேக் போட்டால் ஏறக்குறைய 8 டன் எடைக்குச் சமமான விசை தன் முதுகை நோக்கி வருகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். “கனமான சரக்கு, எங்கே நகரப் போகிறது?” என்று கட்டாமல் கிளம்புகிற பழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு. அந்தக் கணக்கைப் பலகையில் போட்டுப் பார்க்கும்போதுதான் கனமே ஆபத்து என்பது புரிகிறது.

களைப்பு இன்னொரு பாடம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லோரி ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கிறது. மூன்று விநாடி கண் சொக்கினால் 66 மீட்டர் தூரத்துக்கு அந்த வண்டியை யாருமே ஓட்டவில்லை. ஐரோப்பிய விதிப்படி நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். ஒரு நாளில் 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அது 10 மணி நேரம் வரை நீளலாம். இதையெல்லாம் வண்டியில் உள்ள டாக்கோகிராஃப் கருவி பதிவு செய்கிறது. அந்தக் கருவியைச் சரியாகக் கையாள்வதும் பாடத்தில் அடக்கம். உணவு, உடற்பயிற்சி, மது, போதைப்பொருள், சில மருந்துகள் தரும் தூக்கம் ஆகியவையும் பேசப்படுகின்றன.

லோரிக்குள் ஆட்கள் ஒளிந்து வரும் ஆபத்துக்கும் பாடத்திட்டத்தில் இடம் உண்டு. 2019 அக்டோபரில் இங்கிலாந்தின் எசெக்ஸ் வட்டாரத்தில் ஒரு கொள்கலனுக்குள் 39 வியட்நாமியர் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, இது ஏன் லோரி ஓட்டுநரின் பாடத்தில் வருகிறது என்று விளக்க வேண்டியதில்லை.

இவற்றில் வெளியாரை மிகவும் வியக்க வைப்பது லண்டனில் பரவலான ஒரு வகுப்பு. காலையில் அறைக்குள் பாடம். பிற்பகலில் லோரி ஓட்டுநர்கள் ஹெல்மெட் அணிந்து சைக்கிளில் ஏறிச் சாலைக்குப் போகிறார்கள். வாழ்நாளெல்லாம் இரண்டு மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து சாலையைப் பார்த்தவர், அன்று கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு லோரியின் சக்கரம் உரசிக்கொண்டு போவதை உணர்கிறார். இடது பக்கம் திரும்பும் லோரியின் மறைபுலத்துக்குள் சைக்கிளோட்டிகள் சிக்கி மாண்ட சம்பவங்கள் லண்டனில் தொடர்ந்து நடந்ததால் உருவான வகுப்பு இது. இதன் மறுபக்கமாக லண்டன் போலீசார் சைக்கிளோட்டிகளை லோரியின் ஓட்டுநர் இருக்கையில் ஏற்றி உட்கார வைத்து, அங்கிருந்து எதெல்லாம் தெரியவில்லை என்று காட்டும் நிகழ்ச்சியையும் நடத்தினர். கண்ணாடி இருக்கிறதே, பார்க்கக் கூடாதா என்று லோரிக்காரரைத் திட்டுகிற மோட்டார் சைக்கிளோட்டிகள் நிறைந்த நம் ஊருக்கும் அந்த இருக்கை தேவைப்படும் போலிருக்கிறது.

ஆனால் இந்த ஏற்பாட்டை எல்லாரும் வாழ்த்தி வரவேற்றுவிடவில்லை. குறைகள் வெளிப்படையாகவே தெரிந்தன. பெரிய குறை, தொடர் பயிற்சியின் முடிவில் தேர்வு கிடையாது. நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தால் மணிக்கணக்கு ஏறிவிடும். தூங்கி வழிந்தவருக்கும் குறிப்பெடுத்தவருக்கும் ஒரே சான்று. பிரிட்டனில் ஒரே ஏழு மணி நேரப் பாடத்தை ஐந்து முறை கேட்டுவிட்டு 35 மணி நேரம் ஆயிற்று என்று அட்டையைப் புதுப்பித்தவர்களும் இருந்தனர். நான்கரை ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு, கடைசி மாதத்தில் அடித்துப் பிடித்து ஐந்து நாள்களை முடித்தவர்கள் அதைவிட அதிகம். 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் ஆணையைத் திருத்தியது: பாடங்கள் பலவகையாக இருக்க வேண்டும், அவற்றில் ஒன்றாவது சாலைப் பாதுகாப்பு பற்றியதாக இருக்க வேண்டும். 12 மணி நேரம் வரை இணையவழியில் கற்கவும் அப்போது வழி பிறந்தது.

அடுத்தது பணம். பயிற்சிக் கட்டணத்தை யார் கொடுப்பது? பிரான்சில் இந்த ஐந்து நாள்களும் வேலை நேரமாகக் கருதப்படுகின்றன, செலவு முதலாளியுடையது. பிரிட்டனில் முதலாளி கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். ஏஜென்சி மூலம் நாள்கூலிக்கு ஓட்டுபவரும் சொந்த லோரி வைத்திருப்பவரும் கட்டணத்தைத் தாங்களே கட்ட வேண்டும், அத்தோடு ஐந்து நாள் கூலியையும் இழக்க வேண்டும். பெரிய நிறுவனத்துக்கு இது வரவுசெலவுக் கணக்கில் ஒரு வரி. ஒற்றை லோரிக்காரருக்கு அந்த மாத வீட்டு வாடகை. டிரிப் கணக்கில் சம்பளம் வாங்கும் நம் நாட்டு ஓட்டுநர்களைக் கொண்டு இதை யோசித்துப் பார்த்தால், ஓட்டுநர்கள் ஏன் முணுமுணுத்தார்கள் என்பது புரியும்.

முணுமுணுப்பு ஒரு கட்டத்தில் நாட்டின் பிரச்சினையாகவே ஆனது. 2009க்கு முன்பே உரிமம் பெற்றிருந்த பிரிட்டிஷ் லோரி ஓட்டுநர்களுக்குத் தொடக்கத் தேர்விலிருந்து விலக்கு தரப்பட்டது, ஆனால் 2014 செப்டம்பர் 9க்குள் முதல் 35 மணி நேரத்தை அவர்களும் முடிக்க வேண்டியிருந்தது. ஓய்வுக்குச் சில ஆண்டுகளே மீதமிருந்த மூத்தவர்களில் ஒரு பகுதியினர், இந்த வயதில் வகுப்பறையா என்று தொழிலையே விட்டனர். 2021இல் பெருந்தொற்றும் பிரெக்சிட்டும் சேர்ந்து பிரிட்டனில் கடும் ஓட்டுநர் தட்டுப்பாட்டை உண்டாக்கியபோது இந்தப் பழைய மனக்குறை மீண்டும் மேலே வந்தது. சரக்குப் போக்குவரத்துச் சங்கம் 100,000க்கும் அதிகமான ஓட்டுநர்கள் பற்றாக்குறை என்று மதிப்பிட்டது. கடைகளில் அலமாரிகள் காலியாயின, பெட்ரோல் நிலையங்களில் வரிசைகள் நீண்டன. சம்பளக் குறைவு, இரவில் நிறுத்த நல்ல இடமின்மை, கழிப்பறைகூட இல்லாத ஓய்விடங்கள் ஆகியவையே முதல் காரணங்கள் என்று ஓட்டுநர்கள் கூறினர். இருந்தாலும் காலாவதியான அட்டையோடு வீட்டில் இருந்தவர்களைத் திரும்ப அழைக்க, பயிற்சி விதியைத் தளர்த்த வேண்டும் என்ற குரல் வலுத்தது.

அதன் விளைவாக 2024 டிசம்பர் 3 முதல் பிரிட்டனில் இரண்டு வகைத் தகுதி நடப்பில் உள்ளது. ஐரோப்பாவுக்குள் லோரி கொண்டுபோகிறவருக்குப் பழைய விதிகளே தொடர்கின்றன. உள்நாட்டில் மட்டும் ஓட்டுபவர் 35 மணி நேரத்தை மூன்றரை மணி நேரத் துண்டுகளாகவும் பிரித்துப் படிக்கலாம். தகுதி காலாவதியான பின் திரும்பி வருகிறவருக்கென ஏழு மணி நேரச் சிறப்பு வகுப்பும் வந்திருக்கிறது, அதை முடித்துவிட்டு வேலையில் ஏறி, மீதியைப் பிறகு நிறைவு செய்யலாம். 35 என்ற எண்ணை மட்டும் யாரும் குறைக்கவில்லை.

இவ்வளவு பயிற்சியால் விபத்து எத்தனை குறைந்தது என்று தனியே பிரித்துச் சொல்வது எளிதன்று. அதே காலத்தில் லோரிகளில் தானியங்கிப் பிரேக்கும் தடம் மாறினால் எச்சரிக்கும் கருவியும் வந்தன, லண்டனில் ஓட்டுநரின் கண்ணுக்கு நேராகச் சாலை எவ்வளவு தெரிகிறது என்று அளந்து கனரக லோரிகளுக்கு நட்சத்திரத் தரம் கொடுக்கும் விதியும் வந்தது. எது எத்தனை உயிரைக் காத்தது என்று பங்கு பிரிக்க முடியாது.

மலேசியாவில் சரக்கு வாகனத்தைத் தொழிலாக ஓட்ட, சாதாரண உரிமத்துக்கு மேல் ஜி.டி.எல். எனப்படும் சரக்கு வாகன ஓட்டுநர் உரிமம் வேண்டும் என்பது லோரி ஓட்டுநர் உள்ள வீடுகளுக்கெல்லாம் தெரியும். அந்த உரிமத்தோடு தொடர் பயிற்சியை எப்படிப் பிணைப்பது என்று நாளை பேச்சு எழுந்தால், பிரிட்டனும் பிரான்சும் வெவ்வேறு பதில் சொன்ன அதே கேள்வி இங்கேயும் முதலில் வரும்: வகுப்பில் உட்காரும் அந்த ஐந்து நாளுக்கு டிரிப் பணத்தை யார் தருவது?